கத்திரி வெயிலில் கட்டிப்போட்ட படகு

மே மாதக் காசிமேட்டில் மீன் வாசனை குறைவு, பெயிண்ட் வாசனை அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நெருக்கிக் கட்டிய படகுகளின் மேல் ஒன்றிலிருந்து இன்னொன்றாகத் தாண்டி, வயர்லெஸ் மெக்கானிக் பாயின் பின்னால் போனேன். தோளில் ரெக்ஸின் பை, அதில் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், பழைய சைக்கிள் டியூப்.

ஒரு படகின் கேபினைத் திறந்தார். முகத்தில் அடுப்படி அனல் அடித்தது. வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் மூன்றும் கண்ணாடியை ஒட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஜிபிஎஸ்ஸைப் போட்டார். திரை முழுக்கக் கறுப்பு.

"போயிடுச்சா பாய்?" ஓனருக்குக் குரல் கம்மியது.

"ஒண்ணும் ஆவல. நிழல்ல வெச்சிட்டு டீ குடிச்சிட்டு வா."

டீ குடித்துவிட்டு வந்தோம். எழுத்துகள் தெரிந்தன. திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் கடுஞ்சூட்டில் ஒழுங்கு கலைந்துபோகிறது, ஆறினால் பழையபடி சேர்ந்துகொள்கிறது. திரைமேல் ஒட்டிய ஃபிலிம் வெயிலில் பழுத்து மஞ்சளானால் மட்டும் மீட்சி இல்லை.

உப்புத் தண்ணீர்தான் எதிரி என்று நினைத்துப் போயிருந்தேன். பாய் ஒப்பவில்லை. "கடல்ல கெடறதவிட கரையில கெடறதுதான் சாஸ்தி." கடலில் கேபின் ஜன்னல் திறந்திருக்கும், காற்று வரும், ஆள் இருப்பான். தடைக்காலத்தில் எல்லாம் பூட்டு. படகுக் கருவிகளைப் பொதுவாக 55 டிகிரி வரை இயக்கிப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். பூட்டிய கேபினின் கத்திரி வெயில் அந்தக் கணக்கையெல்லாம் பார்ப்பதில்லை. 45 நாளாக இருந்த தடை 2017-இல் 61 நாளானது. மீனுக்குக் கிடைத்த 16 நாள் ஓய்வு இந்தப் பெட்டிகளுக்குக் கூடுதல் வேக்காடு.

வயர்லெஸ்ஸைப் பிரித்துக் காட்டினார். மண்டை வீங்கிய இரண்டு கண்டன்சர்கள். சூடு 10 டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பின்பக்க அலுமினிய விலாக்கள் சூட்டை வெளியே தள்ளத்தான் இருக்கின்றன. அவற்றின்மேல் சட்டையைத் தொங்கவிடுகிறார்கள் என்பது பாயின் நெடுநாள் புகார். பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டுவது அதைவிட மோசம், உள்ளே வியர்த்துவிடும். கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவதே உத்தமம். முடியாதவர்கள் கண்ணாடிக்குத் தெர்மாகோல் அட்டை வைத்து, காற்றுப் போக வழி விடலாம்.

பிறகு கூரைக்கு ஏறினார். ஆன்டெனா வயரின் தோல் வெயிலில் வெடித்திருந்தது. கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. இந்த வயரோடு கடலுக்குப் போனால், ஆபத்தில் 16-ஆம் சேனலில் எவ்வளவு கத்தினாலும் பக்கத்துப் படகைத் தாண்டாது. வெட்டி எறிந்து புது வயர் இழுத்தார். இணைப்பின் மேல் டேப், அதன்மேல் சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றினார்.

கீழே டிரைவர், பிழைத்து வந்த ஜிபிஎஸ்ஸைப் பார்த்துப் பள்ளிக்கூட நோட்டில் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். மீன் கிடைக்கும் பாயிண்டுகள், பல வருடச் சேமிப்பு. நான் எட்டிப் பார்த்ததும் இடது கையால் பக்கத்தை மறைத்துக்கொண்டார்.