பிடியை நீட்டும் நண்பர்கள்

பழைய கத்திகளைச் சேகரிக்கிறேன் என்று சொன்னால் எதிரே இருப்பவர் ஒரு நொடி பேசாமல் இருப்பார். பிறகு சிரிப்பார். பிறகு, "வீட்டுக்காரர் ஜாக்கிரதையா இருக்காரா?" என்று கேட்பார். தபால்தலை சேர்ப்பவர்களையும் பழைய நாணயம் சேர்ப்பவர்களையும் யாரும் இப்படி விசாரிப்பதில்லை. என் மாமியார் மட்டும் நேராகவே கேட்டார்: "கூரான சாமான் வீட்டுல சேர்ந்தா உறவு அறுந்து போகும்னு சொல்வாங்களேம்மா?"

அவர் சொன்னது பழைய நம்பிக்கைதான். நம் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சீன நண்பர்கள் கத்தியைப் பரிசாகக் கொடுக்கத் தயங்குவார்கள். கொடுத்தாலும் பதிலுக்கு ஒரு காசு வாங்கிக்கொள்வார்கள். விலைக்கு விற்றதாகக் கணக்காகிவிட்டால் நட்பு தப்பித்துவிடும். ஐரோப்பியரிடமும் இதே வழக்கம் உண்டு. கத்தி உறவை வெட்டும் என்று இத்தனை பேர் பயந்திருக்கிறார்கள். இந்த எட்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிக நல்ல நண்பர்களோ கத்தியால் வந்தவர்கள்.

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பழம்பொருள் சந்தையில் ஒரு சின்ன மலாய்க் குத்துவாளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பெயர் 'தும்புக் லாடா'. நேராக மொழிபெயர்த்தால் 'மிளகு இடிப்பது'. பக்கத்தில் நின்ற பெரியவர், "முதலில் பிடியைப் பார், பிறகு இரும்பைப் பார்" என்றார். பல ஆண்டுகள் புழங்கிய கத்தி என்றால் கட்டைவிரல் அமரும் இடம் மட்டும் தேய்ந்து மழமழப்பாக இருக்கும். பழசு போலத் தெரிவதற்காக அமிலம் தடவிய கத்தியில் துரு எங்கும் ஒரே சீராகப் படர்ந்திருக்கும். உண்மையான காலம் அப்படிச் சீராக வேலை செய்யாது. உறையும் கத்தியும் ஒன்றுக்காக ஒன்று செய்யப்பட்டவையா என்று பார்க்க வேண்டும். பத்தே நிமிடத்தில் இவ்வளவும் சொல்லிக் கொடுத்துவிட்டு, தே தாரிக் குடிக்க அழைத்தார். தைப்பிங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். அன்றிலிருந்து அவர் எனக்கு 'பாக்சிக்'.

அவர் வழியாக மற்றவர்கள் வந்தார்கள். ஈப்போவில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சீன அங்கிள். கிள்ளானில் இருக்கும் பஞ்சாபி வழக்கறிஞர் அண்ணன். கடைசியாக வந்தவள் நான். கூட்டத்திலேயே வயதில் சிறியவள், ஒரே பெண். மாமாக் கடையில் சந்திக்கும்போது புகைப்படங்களை மட்டும்தான் காட்டிக்கொள்வோம். கத்திகள் யாராவது ஒருவர் வீட்டில்தான் வெளியே வரும். இது அண்ணன் போட்ட சட்டம். 1958ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் தொடர்பான சட்டப்படி, தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் சிறையும் உண்டு, பிரம்படியும் உண்டு. "நான் வக்கீல்தான். ஆனால் உங்களுக்காக நீதிமன்றம் ஏற எனக்கு ஆசையில்லை" என்பார்.

எங்கள் சந்திப்புகளில் பாதி நேரம் பராமரிப்புப் பேச்சிலேயே போய்விடும். நம் நாட்டுக் காற்றின் ஈரம் இரும்புக்கு எதிரி. தோல் உறைக்குள்ளேயே கத்தியைப் பல மாதம் விட்டால், தோலைப் பதப்படுத்திய பொருளே இரும்பை அரிக்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும். அங்கிள் கமேலியா எண்ணெய்தான் தடவுவார். முக்கியமான பாடம் ஒன்று உண்டு. பழைய கத்தியைப் பளபளப்பாகத் தேய்க்கக் கூடாது, புதிதாகச் சாணை பிடிக்கவும் கூடாது. கருத்துப்போன அந்த மேல்பரப்பில்தான் அதன் வயது இருக்கிறது.

கெரிஸைப் பற்றி நான் கற்றதெல்லாம் பாக்சிக்கிடம்தான். கெரிஸின் வளைவுகளை எண்ணினால் எப்போதும் ஒற்றைப்படையில்தான் முடியும். வளைவே இல்லாத நேரான கெரிஸும் உண்டு. இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கடுக்காக மடித்து அடிப்பதால் அலகில் நீரோட்டம் போன்ற கோலம் வரும். அதற்குப் 'பாமோர்' என்று பெயர். எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் சேர்த்துத் தடவினால் இரும்பு கருக்கும், நிக்கல் வெள்ளியாய் மின்னும். கையைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருப்பது போன்ற பிடிக்கு 'ஜாவா டெமாம்', அதாவது காய்ச்சல் கண்ட ஜாவாக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 2005இல் இந்தோனேசியக் கெரிஸை மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஒரு சொல். ஜாவா மரபில் கெரிஸுக்கு 'விலை என்ன' என்று கேட்பது மரியாதையில்லை. 'மாஸ் காவின்', அதாவது மணக்கொடை எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும். கத்தி இன்னொரு வீட்டுக்கு வாழப் போகிறது என்று எண்ணம். கொடுக்கும் முறையும் அப்படித்தான். கத்தியை உறையில் போட்டு, பிடி வாங்குபவர் பக்கம் இருக்கும்படி நீட்டுவார் பாக்சிக். கூர் தன் பக்கம், பிடி உன் பக்கம்.

அண்ணனிடம் பழைய இந்தியக் 'கட்டார்' ஒன்று உண்டு. அதன் அலகிலும் நீரோட்டக் கோலம் தெரியும், ஆனால் அது வேறு வித்தை. கெரிஸில் கோலத்தைக் கொல்லர் அடுக்கிச் செய்கிறார். தென்னிந்திய எஃகிலோ, மூசைக்குள் உருகிய இரும்பு மெல்ல ஆறும்போதே கோலத்துக்கு வித்து விழுந்துவிடுகிறது. உலகம் 'வூட்ஸ்' என்று அழைக்கும் அந்த எஃகின் பெயருக்கு நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' ஆகிய சொற்களே மூலம் என்பார்கள். தமிழ்நாட்டுக் கொடுமணலில் அந்தத் தொழில் நடந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மைக்கேல் ஃபாரடே மின்சார ஆய்வுகளால் புகழ்பெறும் முன்பே இந்த எஃகின் ரகசியத்தைத் தேடி உழைத்தவர். இதைச் சொன்னபோது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் பாக்சிக் கேட்டார்: "அதெல்லாம் சரி. உன் பாட்டியின் கத்தி எங்கே?"

என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் கத்தி எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். "தோட்டத்தை விட்டு வரும்போது வாளி, காண்டாவோட பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டாச்சு" என்றார். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. இருட்டோடு எழுந்து கொசுக்கடியில் நின்ற வாழ்க்கையின் சாமான். அது தொலைந்ததே நல்லது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கிலும் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் அந்தக் கத்தி சாதாரணமானதல்ல. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அந்த முறை முழுக்க முழுக்கக் கையை நம்பியது. நுனி ஆங்கில 'வி' எழுத்துப் போல மடங்கிய கத்தியால் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடினால் உள்ளே இருக்கும் மெல்லிய வளர்படலத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இதை விடிகாலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்கு ஓடி ஓடிச் செய்ய வேண்டும். இந்த நாட்டை வளர்த்த தொழில் அந்த ஒன்றரை மில்லிமீட்டரில்தான் நின்றது.

மலாய் ஆயுதங்களைப் பற்றி 1936இல் சிங்கப்பூரில் வெளிவந்த ஒரு நூலை இன்றும் சேகரிப்பாளர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். எழுதிய ஜெரால்ட் கார்ட்னர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் வேலை பார்த்தவர். அந்தத் தோட்டங்களில் தினமும் ஆயிரக்கணக்கான கைகளில் இருந்த கத்தியை யாரும் சேகரிக்கவில்லை. அது ஆயுதமில்லை, அழகுப்பொருளும் இல்லை. பாக்சிக் இதை வேறு விதமாகச் சொன்னார்: "கெரிஸ் அரசர் இடுப்பில் இருந்தது. இந்த நாட்டில் காலையில் முதலில் எழுந்த கத்தி உங்கள் கத்திதான்."

பாக்சிக்கிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு கத்திக்கும் ஒரு பக்கம்; யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், கொடுத்தவர் என்ன சொன்னார் என்று ஜாவி எழுத்தில் எழுதியிருப்பார். கண் மங்கத் தொடங்கியபோது எழுதுவது நின்றுவிட்டது. வானொலியில் வேலை செய்பவள் என்பதால் எனக்குத் தெரிந்த உதவியைச் செய்தேன். போகும்போதெல்லாம் ஒரு கத்தியை மேசையில் வைத்து அவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்துகொண்டேன்.

போன ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தில் பாக்சிக் காலமானார். நாற்பதாம் நாள் கழிந்ததும் அவர் மகள் எங்களை அழைத்தார். அலமாரியில் நாற்பத்தொரு கத்திகள். ஒரு வியாபாரி எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்வதாக ஒரு தொகை சொல்லியிருந்தார். பணம் அந்தக் குடும்பத்துக்குத் தேவையாகவும் இருந்தது. "இதில் எது எங்கள் தாத்தாவுடையது என்றுகூட எனக்குத் தெரியாது" என்று சொல்லி அழுதார்.

அன்று முழுவதும் நால்வரும் அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தோம். மகள் நோட்டைப் படிக்க, அங்கிள் கத்தியைத் தேடி எடுக்க, அண்ணன் பட்டியல் போட்டார். நோட்டில் இல்லாதவற்றுக்கு என் பதிவைப் போட்டோம். பாக்சிக்கின் குரல் அந்த அறையில் ஒவ்வொரு கத்தியையும் அடையாளம் காட்டியது. தாத்தாவின் கெரிஸ் கிடைத்தது. அது குலச்சொத்தாகப் பேரனுக்கு ஒதுக்கப்பட்டது. இன்னும் ஆறு கத்திகள் குடும்பத்தோடு தங்கின. மற்றவற்றை ஒவ்வொன்றாக, உரிய விலைக்கு, பக்கத்தில் எழுதியிருந்த கதையின் நகலோடு கொடுப்பது என்று முடிவானது. சில மாதங்களில் எல்லாம் நல்ல கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வியாபாரி சொன்ன தொகையைவிட அதிகமாகவே அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது.

கடைசித் தட்டில், கெரிஸ்களுக்குப் போர்த்துவது போன்ற மஞ்சள் துணியில் ஒரு பால்மரக் கத்தி இருந்தது. மரப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. தீட்டித் தீட்டி அலகு பாதியாகியிருந்தது. நோட்டில் அதற்கும் ஒரு பக்கம். பழைய இரும்புக் கடையில் மூன்று வெள்ளிக்கு வாங்கியிருக்கிறார். அதோடு விடாமல், கடைக்காரரிடம் விசாரித்து, அதைப் போட்ட வீட்டைத் தேடிப் போய், அதை வைத்து வெட்டிய அம்மாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். கீழே ஒரு வரி: இது என்னிடம் சேர வேண்டும்.

பாக்சிக்கின் மகள் பிடியை என் பக்கம் நீட்டினார். நான் பத்து சென் கொடுத்தேன்.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த அம்மா இல்லை. மகள் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். சரஸ்வதி பூசைக்கு முதல் நாள் கத்தியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முறைப்படி அது அவருக்குத்தானே உரியது. அவர் கையில் எடுத்ததும் கட்டைவிரல் தானாகவே அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அம்மாவோடு நிரைக்குப் போன பெண்தான் அவரும். பொட்டு வைத்து, சாமி மேடையில் வைத்து, பூசை முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களே வச்சிருங்கம்மா. எங்க வீட்டுல இருந்தா, எனக்கப்புறம் யாராவது மறுபடியும் பழைய இரும்புக்குப் போட்டுருவாங்க."

இப்போது அது என் வீட்டு அலமாரியில் முதல் தட்டில் இருக்கிறது. மாமியார் போன மாதம் தன் அம்மாவின் பாக்குவெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கையில் தரவில்லை, மேசையில் வைத்தார். யாருடையது, எந்த ஊர், எந்தக் காலம் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். உங்கள் வீட்டு ஸ்டோரிலும் இப்படி ஏதாவது ஒன்று கிடக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன், சொல்லக்கூடியவர் இருக்கும்போதே, அந்த மூன்று விவரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கட்டி வையுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், வாங்கிக்கொள்ள என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். பத்து சென் தருவோம்.