இலச்சினையின் நிறம்

எழுத்தறியாதாரும் நிறமறிவர். வில்லும் புலியும் கயலும் பொறித்த கொடிகளாலும், பனை, ஆத்தி, வேம்பு என்னும் மாலைகளாலும் மூவேந்தரை நம் முன்னோர் வேறுபிரித்தறிந்தனர். மலையும் மலைசார்ந்த இடமுமாகிய நிலத்துக்குக் குறிஞ்சியென்று மலரின் பெயரையே இட்டு வழங்கினர். ஆகவே, ஒரு நிலையத்துக்கு இலச்சினையும் நிறமும் தெரிந்தெடுத்தல் இக்கால வணிகர் மாத்திரம் கண்ட புதுமையன்று. அதனைப்பற்றி யான் சிந்திக்க நேர்ந்த காரணத்தை ஈண்டுக் கூறுவேன்.

நம் கல்லூரி விடுதியில் என்னோடு பயின்ற நண்பர் ஒருவர், நீலகிரி மாவட்டத்துக் குந்தா வட்டத்திலுள்ள தம் ஊராகிய பிக்கட்டியில் சிறியதோர் உடற்பயிற்சிக் கூடம் நிறுவக் கருதினார். கடையொன்றின் மாடியில் இரண்டே அறைகள். சமவெளியிற் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருள் முழுவதும் அவற்றிற் புகுந்துவிட்டது. இளைஞர் சிலர் மாத்திரம் வந்தால் வாடகைக்கும் போதாது. பெண்டிரும் முதியோரும் வருதல் வேண்டும். பெயர்ப்பலகைக்கும் பயிற்சிச் சட்டைக்கும் ஏற்ற நிறங்களைத் தெரிந்து கூறுமாறு எனக்கு எழுதினார்.

அவர் அனுப்பிய மாதிரிப் படத்திற் கரிய பின்னணியும், குருதிநிற எழுத்தும், புடைத்த புயமொன்றும் இருந்தன. நகரங்களில் இத்தகைய கூடங்கள் பல அணிந்துகொள்ளும் கோலம் அதுவே. அதனைக் கண்ட அவர் தமக்கையார், "தம்பி, இது ஆம்பளைங்க மட்டும் போற இடமாட்டம் இருக்குதே" என்றனராம். அவ்வொரு சொல்லே எனக்கு வழிகாட்டியாயிற்று. நிறம் ஒருவரை வருக என்னும்; மற்றொருவரை வாயிலிலேயே நிறுத்திவிடும்.

இனி, நிறத்தைத் தெரியும் முறை யாதெனின், முதற்கண் நோக்கத்தை ஆராய்தல் வேண்டும். 1920ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் உடற்கல்விப் பள்ளி தொடங்கியது ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் சார்பிலேயாம். அச்சங்கத்தின் முக்கோணம் உடல், உள்ளம், ஆன்மா ஆகிய மூன்றன் ஒருமையைக் குறிப்பது. 1891இல் லூதர் குலிக் என்பார் அதனை வகுத்தனர். 1913இல் ஒலிம்பிக் வளையங்களை வரைந்த கூபர்த்தேன் பெருமகனார், நீலம், மஞ்சள், கருமை, பச்சை, செம்மை என்னும் ஐந்தோடு வெண்மையாகிய பின்னணியையும் சேர்த்து, அந்நாளைய நாடுகளின் கொடிநிறங்களெல்லாம் அவ்வாறனுள் அடங்குமாறு செய்தனர். எவரையும் புறத்தே நிறுத்தாமையே அவர் கருத்து. நண்பருக்கு வேண்டியதும் அஃதே.

அடுத்து, இடத்தை நோக்குதல் வேண்டும். நகரத்திற் கண்ணுக்கு இனிதாகும் பச்சை, நாற்புறமும் தேயிலை சூழ்ந்த மலையூரிற் காட்டோடு கலந்து மறையும்.

மூன்றாவது, கண்ணின் இயல்பு. பயிற்சிக்கு மக்கள் வருவது வைகறையிலும் அந்தியிலும் அன்றோ? ஒளி குறையுங்கால் நம் கண்ணுக்குச் செம்மை விரைவிற் கருத்துப்போம்; நீலமும் பச்சையும் அதனினும் தெளிவாய் நிற்கும். 19ஆம் நூற்றாண்டிற் புர்க்கின்யே என்னும் உடலியலறிஞர் இதனை எடுத்துரைத்தனர். எனவே, கரிய பலகையிற் செந்நிற எழுத்து அந்தியிற் படிக்கவும் படாது. அன்றியும், ஆடவருட் சிலர்க்குச் செம்மையும் பசுமையும் பிரிந்து தோன்றா. ஆதலால், எழுத்துக்கும் பின்னணிக்கும் நிறவேறுபாட்டினும் ஒளிவேறுபாடே இன்றியமையாதது.

நான்காவது, பொருட்செலவு. கைபேசித் திரையில் நிறம் ஒளியால் உண்டாவது. துணியிலும் பலகையிலும் மையால் உண்டாவது. திரையிற் சுடர்விடும் நீலம் அச்சிற் சற்றே மங்கும். நிறங்கள் மிகுந்தால் சட்டையச்சின் கூலியும் மிகும். கருமையொன்றாலேயே அச்சிடினும் சிதையாத வடிவமே நல்ல இலச்சினையாம்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, வெண்பலகையிற் கருநீல எழுத்தே தகுமென்று எழுதினேன். நீலம் அம்மலையின் பெயரிலேயே உள்ளது; பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை மலரும் குறிஞ்சியும் அச்சாயலதே. வெண்மை, ஹெத்தையம்மன் திருநாளிற் படுகர் மக்கள் உடுத்தும் ஆடையின் நிறம். புயத்தை நீக்கி மலைமுகடு போன்றதொரு கோட்டை வரைந்து, அதன்மேல் அம்மலைக்காடுகளிற் பூக்கும் ரோடோடென்ட்ரான் மலரின் செம்மையில் ஒரு சிறு வட்டம் இடலாம் என்றேன். செம்மையில் எழுத்தின்மையால், அந்தியில் அது கருப்பினும் இழப்பில்லை.

நண்பர் இசைந்தார். புதுப் படத்தைத் தமக்கையாரிடம் காட்டியபோது, "நல்லாத்தான் இருக்குது, எங்களுக்குன்னு தனியா நேரம் வெச்சிருக்கியா?" என்று அவர் வினவினாராம். அவ்வினாவுக்கு நிறநூல் எதனிலும் விடையில்லை. நண்பர் முற்பகலில் ஒருமணி நேரத்தைப் பெண்டிர்க்கென்றே ஒதுக்கி, அதனையும் அதே நீலத்திற் பலகையின் அடியில் எழுதுவித்தார்.

மாணவ நண்பர்காள்! சங்கத்துக்கும் விளையாட்டுக் குழுவுக்கும் தொழிலுக்கும் நீவிரும் நாளை நிறம் தெரிந்தெடுப்பீர். நிறம் என்பது வாயிலில் எழுதிய வாக்கு. உள்ளே வருவோர்க்கு அவ்வாக்கைக் காத்தல் நம் நடக்கையின் கடன். அக்கடனை இறுக்க மனமில்லாதார் எந்நிறத்தைத் தீட்டியும் பயனில்லை.