பொடி கலக்கும் கைகள்

திருத்தணி மலையடிவாரத்து மாவு மில்லில் காலையிலேயே வரிசை நிற்கிறது. நகரிப் பக்கமிருந்து வந்தவர்கள் தெலுங்கில் கந்திப் பொடிக்குப் பக்குவம் சொல்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் சாம்பார்ப் பொடிக்கு மல்லி, மிளகாய், பருப்பு எல்லாம் வறுத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்திருக்கிறார்கள். அரைப்பது மிஷின். அரைத்ததைக் கலப்பது இரண்டு பெண்கள்.

நாம் போன நேரம், மூத்தவர் பெருங்காயத் தூளைக் கையில் எடுத்தார். “நேரா கொட்டிடாத பாப்பா, ஒரே எடத்துல நின்னுடும்” என்று இளையவரிடம் சொல்லிக்கொண்டே, அதை ஒரு பிடிப் பொடியில் போட்டுப் பிசறினார். அடுத்து இரண்டு பிடி, நாலு பிடி என்று கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் மொத்தத்தோடு சேர்த்தார். மருந்தாளுநர் படிப்பில் சொல்லித்தரும் முறையும் இதுதான். துளியளவு வீரிய மருந்தை அதே அளவு மாவோடு கலப்பார்கள். கலந்ததற்குச் சமமாக மீண்டும் மாவு சேர்ப்பார்கள்.

உப்பையும் தனியே பொடித்துச் சலித்த பிறகே சேர்க்கிறார்கள். பருமன் வேறான துகள்களைக் குலுக்கினால் நுண்ணியவை இடுக்கு வழியே அடியில் இறங்கும். பெரியவை மேலே ஏறும். குவியலாகக் கொட்டினால் பெரியவை சரிவில் உருண்டு ஓரத்துக்குப் போகும். நன்றாகக் கலந்த பொடிகூட மூட்டை வண்டியில் குலுங்கும்போது பிரிந்துவிடலாம்.

மசாலாத் தொழிற்சாலைகளில் இந்த வேலைக்கு ரிப்பன் பிளெண்டர் உண்டு. அடி வளைந்த நீளத் தொட்டி. நடுவே ஒரு தண்டு. அதைச் சுற்றி உள்ளும் வெளியுமாக இரண்டு சுருள் பட்டைகள். வெளிச்சுருள் பொடியை ஒரு பக்கம் தள்ள, உள்சுருள் எதிர்ப்பக்கம் தள்ளும். இந்த எதிரெதிர் ஓட்டத்தில்தான் கலவை உண்டாகிறது.

தொட்டியை எவ்வளவு நிரப்புவது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. பட்டை முழுக மூடினால் மேலே கிடக்கும் பொடி அசையாது. மிகக் குறைவாகப் போட்டால் சுருளுக்குப் பிடி கிடைக்காது. பட்டைக்கும் தொட்டிக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருப்பார்கள். அங்கே பழைய பொடி தங்கும். மிளகாய்த்தூள் ஓட்டிய தொட்டியைக் கழுவாமல் குழந்தைக்கான சத்துமாவை அதில் போடக் கூடாது. அதிக நேரம் ஓட்டினால் நல்லது என்றும் இல்லை. சில கலவைகள் மறுபடி பிரியத் தொடங்கும். பல இடங்களில் மாதிரி எடுத்து, எல்லாவற்றிலும் உப்பு ஒரே அளவாக இருக்கிறதா என்று சோதிப்பதுதான் நம்பகமான வழி.

மில்லில் அந்தப் பெண்களின் கண்ணிமையில் மிளகாய்த்தூள் படிந்திருந்தது. மூக்கை மறைக்கச் சேலைத் தலைப்புதான். அது நுண்தூசியைத் தடுக்காது. தூசியை உறிஞ்சும் விசிறிக் குழாயும், சரியான முகக்கவசமும் வேண்டும். பிளெண்டர் வாங்கும் மில்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மூடியைத் திறந்த உடனே மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச். சுருள் பட்டைக்குள் போன கை முழுதாகத் திரும்பாது. அந்த சுவிட்ச் இல்லாத மிஷினை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்காதீர்கள்.