இல்லாத அணியின் ஊர்

கியூபெக் நகரத்துக் கடைகளில் இன்னும் ஒரு சட்டை தொங்குகிறது. நல்ல நீலம். கீழ் விளிம்பில் வரிசையாக வெள்ளை லில்லிப் பூக்கள், மாகாணக் கொடியில் இருக்கும் அதே பூக்கள். அந்தச் சட்டையைப் போட்டு ஆடிய நோர்டீக் என்ற ஐஸ் ஹாக்கி அணி 1995-ல் விற்கப்பட்டு அமெரிக்காவின் டென்வருக்குப் போய்விட்டது. போன இடத்தில் பெயரையும் மாற்றிவிட்டார்கள். வயதானவர்கள் பழைய ஞாபகத்துக்காக வாங்கினால் புரியும். நான் பார்த்தபோது வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். அந்த அணி ஆடியதை ஒருநாளும் பார்த்திருக்க முடியாதவர்கள்.

பணம் கொடுத்துச் சேர்க்கிற அணிகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. திருவல்லிக்கேணியில், சேப்பாக்கம் மைதானத்தின் ஆரவாரம் காதில் விழும் தூரத்தில் வளர்ந்தவள் நான். சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் தடை செய்யப்பட்டிருந்தபோது என் தம்பி வீட்டில் துக்கம் காத்தான். 2018-ல் அணி திரும்பி வந்து, காவிரிப் போராட்டத்தால் சென்னை ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டதும், ரசிகர்களுக்காக விட்ட தனி ரயிலில் ஏறிப் போனான். ஏலத்தில் எடுத்த ஆட்களுக்காக இவ்வளவா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மஞ்சள் சட்டையை மடித்துப் பையில் வைத்தான். அவனுக்கு இரண்டு ஆண்டுதான் காத்திருப்பு. திரும்பி வரும் நாளும் தெரிந்திருந்தது.

இந்த ஊருக்கு என்னை அழைத்து வந்தவள் அக்கா மகள். மான்ட்ரியாலில் பிறந்தவள். குடியேறியவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று 1977-ல் வந்த மொழிச் சட்டம் சொல்வதால், வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் பிரெஞ்சுமாக வளர்ந்தாள். கோட்டைச் சுவரையும் பழைய நகரத்தையும் எனக்குக் காட்டவேண்டும் என்பது அவள் திட்டம். பிப்ரவரிக் குளிர், மைனஸ் இருபது டிகிரி. சுவரருகில் பத்து நிமிடம் நின்றதும் கண்ணிமையில் பனி ஒட்டிக்கொண்டது. எங்காவது உள்ளே போய் உட்காரலாம் என்றேன். லிமுவாலு பகுதியின் மூன்றாம் அவென்யூவில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம்.

அவள் தலையில் மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் சிவப்புக் கம்பளித் தொப்பி இருந்தது. உருளைக்கிழங்கு வறுவல்மேல் சீஸ் கட்டிகளைப் போட்டுக் கொதிக்கும் குழம்பை ஊற்றித் தரும் பூட்டீன் இரண்டு தட்டு கேட்டோம். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தட்டுகளைக் கொண்டுவந்தவர் மேசையில் வைக்கவில்லை. தொப்பியைப் பார்த்தார். ஏதோ கேட்டார். இவள் முகம் சிவந்தது.

"என்னடி கேக்கறார்?"

"சித்தி, 1987-ல அலேன் கோட்டே அடிச்சது கோலா இல்லையான்னு கேக்கறார்."

"நீ பொறந்தே இருக்கலியே?"

"அதுக்கென்ன? அது கோல் இல்ல."

அவ்வளவுதான். தட்டுகள் பக்கத்து மேசைக்குப் போயின. கடைக்காரர் எங்கள் மேசையில் கெட்சப் குப்பியை வைத்தார். அது மான்ட்ரியால் கோல்கீப்பர் பிரையன் ஹேவர்ட். மிளகுக் குப்பி கியூபெக்கின் பால் கில்லிஸ். உப்புக் குப்பி அலேன் கோட்டே. 1987 ஏப்ரல் 28, மான்ட்ரியாலின் ஃபோரம் அரங்கம். ஏழு ஆட்டத் தொடரில் இரண்டுக்கு இரண்டு, ஐந்தாவது ஆட்டத்திலும் இரண்டுக்கு இரண்டு, கடைசி நிமிடங்கள். உப்புக் குப்பி சறுக்கி வந்தது, பக் என்ற வட்டு வலைக்குள் போனது. நடுவர் கெர்ரி ஃப்ரேசர் செல்லாது என்றார்: கில்லிஸ் கோல்கீப்பரை இடித்துவிட்டாராம். சற்று நேரத்தில் மான்ட்ரியால் கோல் அடித்து வென்றது. தொடரையும் ஏழாவது ஆட்டத்தில் வென்றது. அக்கா மகள் மிளகுக் குப்பியைக் கெட்சப்போடு ஒட்டி நகர்த்தினாள். கடைக்காரர் அதைப் பிரித்து விரலளவு இடைவெளி விட்டார். மறுபடி ஒட்டினாள். மறுபடி பிரித்தார். பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, அதுவரை கதையிலேயே இல்லாத கடுகுக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தார். அது மான்ட்ரியாலின் மாட்ஸ் நாஸ்லண்ட். கில்லிஸைத் தள்ளிவிட்டதே அவர்தான் என்பது இவர் கட்சி.

எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் எதைப் பற்றிய சண்டை என்பது புரிந்தது, அதுதான் என்னை அங்கே கட்டிப்போட்டது. அந்த மூவரும் ஒரு கோலுக்காக மட்டும் வாதாடவில்லை. பெரிய ஊர் நம் ஊரைச் சிறிய ஊர் என்று நினைக்கிறது என்ற கோபம் கடைக்காரரின் விரல்களில் இருந்தது. மான்ட்ரியால் என்றால் பணம், பழம்பெருமை, அலமாரி நிறையக் கோப்பை. கியூபெக் நகரம் அரசாங்க அலுவலகங்களும் பாதிரிமார்களும் நிறைந்த தலைநகரம். இரண்டும் பேசுவது ஒரே பிரெஞ்சு. வெளியாரோடு போடும் சண்டையைவிட வீட்டுக்குள் போடும் சண்டை ஆழமாக வெட்டும்.

அந்த வெட்டு எங்கே தொடங்கியது என்று கேட்கச் சொன்னேன். பீரில் என்றார் கடைக்காரர். இது எனக்கு எதிர்பாராத பதில், அப்புறம் நான் விடவில்லை. நோர்டீக் 1972-ல் தொடங்கியது, பெரிய லீக்கான என்.எச்.எல்.லுக்குப் போட்டியாகக் கிளம்பிய டபிள்யூ.எச்.ஏ. லீக்கில். முதல் பயிற்சியாளராக மான்ட்ரியாலின் மாவீரர் மொரீஸ் ரிஷாரையே கூட்டி வந்தார்கள்; அவர் இரண்டே ஆட்டத்தில் விலகிவிட்டார். 1977-ல் அந்த லீக்கின் கோப்பையை வென்றார்கள். 1979-ல் அந்த லீக்கிலிருந்து நான்கு அணிகளைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று என்.எச்.எல்.லில் வாக்கெடுப்பு நடந்தபோது மான்ட்ரியால் எதிர்த்து வாக்களித்தது, முயற்சி தோற்றது. மான்ட்ரியால் அணி மோல்சன் பீர் நிறுவனத்துடையது. சேரக் காத்திருந்த கியூபெக்கிலும் வின்னிபெக்கிலும் எட்மன்டனிலும் மக்கள் மோல்சன் பீரைத் தொடமாட்டோம் என்றார்கள். இரண்டாவது வாக்கெடுப்பில் மான்ட்ரியாலின் மனம் மாறிவிட்டது. கியூபெக் உள்ளே வந்தது. நோர்டீக்கின் உரிமையாளரோ மோல்சனின் போட்டியாளரான ஓகீஃப். அன்றிலிருந்து இந்த மாகாணத்தில் ஒருவர் கையிலிருக்கும் பாட்டிலைப் பார்த்தே எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாமாம்.

அந்தப் பகை கைகலப்பானது 1984 ஏப்ரல் 20, புனித வெள்ளியன்று. ஃபோரமில் இரு அணிகளின் ஆட்டத்தின் நடுவே எல்லோரும் எல்லோரையும் அடித்தார்கள். இடைவேளை முடிந்து வந்து மறுபடி அடித்தார்கள். 252 நிமிடங்களுக்குத் தண்டனை. கியூபெக்கின் டேல் ஹன்டரும் மான்ட்ரியாலின் மார்க் ஹன்டரும் உடன்பிறந்தவர்கள், எதிரெதிர் அணியில் அன்று. பைபிள் படிக்க வேண்டிய நாளில் என்று சொல்லிக் கடைக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணில் பெருமைதான் தெரிந்தது.

அவர் குரல் தணிந்தது ஸ்டாஸ்னி சகோதரர்களைப் பற்றிச் சொன்னபோது. செக்கோஸ்லோவாக்கியா அப்போது கம்யூனிஸ்ட் நாடு. 1980 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் போட்டி ஆட வந்திருந்த பீட்டரையும் ஆன்டனையும், கருவுற்றிருந்த பீட்டரின் மனைவியோடு சேர்த்து, நோர்டீக் நிர்வாகிகள் இரவோடிரவாகக் காரில் வியன்னாவுக்குக் கொண்டுபோய்க் கனடாவுக்கு ஏற்றிவிட்டார்கள். மூத்தவர் மரியன் மனைவி மக்களோடு ஊரில் தங்கிப்போனார். அங்கே அவர் ஆடவே தடை. அடுத்த ஆண்டு அவரும் தப்பி வந்தார். மூவரும் ஒரே சட்டையில் ஆடினார்கள். பீட்டர் முதல் பருவத்திலேயே 109 புள்ளி எடுத்தார். பின்னாளில் ஸ்லோவாக்கியாவின் சார்பில் ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார். உயிரைப் பணயம் வைத்து ஒருவன் நம் ஊரைத் தேர்ந்தெடுத்து வந்தான் என்பதை இந்த ஊர் மறக்கவில்லை.

ஏனென்றால் பிறகு ஒருவன் வரமாட்டேன் என்றான். 1989-90 பருவத்தில் 80 ஆட்டத்தில் 12 மட்டுமே வென்ற அணிக்கு, கடைசி இடத்துக்குக் கிடைக்கும் சலுகையாக, இளம் வீரர்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமை அடுத்தடுத்து வந்தது. 1991-ல் அப்படி எடுத்த எரிக் லிண்ட்ரோஸ் சட்டையைப் போடவே மறுத்துவிட்டார். ஓராண்டு இழுபறிக்குப் பின் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றினார்கள். பதிலுக்குப் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் உட்பட ஒரு கூட்டமே வந்தது, கூடவே ஒன்றரைக் கோடி டாலர். அந்தக் கூட்டத்தோடு, ஏற்கெனவே அணியில் இருந்த ஜோ சாக்கிக் சேர்ந்து 1995-ல் கிழக்குப் பிரிவில் முதலிடம். அந்த மே 25-ல்தான் விற்பனை அறிவிப்பு.

காரணம் தெளிவானது, அதனாலேயே கொடியது. வீரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில். சீட்டு விற்ற பணம் கனடிய டாலரில். அன்று அதன் மதிப்பு சுமார் 73 அமெரிக்க சென்ட். லீக்கின் மிகச் சிறிய ஊர்களில் ஒன்று, விளம்பரச் சந்தை முழுக்கப் பிரெஞ்சு. புது அரங்கமும் அரசு உதவியும் வேண்டும் என்று உரிமையாளர்களின் தலைவர் மார்செல் ஓபூ கேட்டார். தனிநாட்டு வாக்கெடுப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாகாண அரசு இணங்கவில்லை. 7.5 கோடி அமெரிக்க டாலருக்கு அணி கைமாறியது. அந்த டிசம்பரில் மான்ட்ரியால் தன் கோல்கீப்பர் பாட்ரிக் ருவாவோடு சண்டை பிடித்து அவரை டென்வருக்கே அனுப்பியது. 1996 ஜூனில் டென்வர் என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பையை வென்றது.

"அந்த ராத்திரி டிவி பார்த்தாரான்னு கேளு" என்றேன். பார்த்தாராம். மூன்றாவது ஓவர்டைம் வரை பார்த்தாராம். தான் வளர்த்த பிள்ளைகள் கோப்பையைத் தூக்குகிறார்கள், கூட ருவாவும். கைதட்டுவதா அழுவதா என்று தெரியாமல் வெளியே போய்க் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைத்துவிட்டு வந்தாராம்.

அப்போதுதான் மூலை மேசையில் அதுவரை பேசாதிருந்த ஓர் அம்மாள் வாய் திறந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. அணி திரும்பி வரும் என்று நம்பி 2015-ல் திறந்த புது அரங்கத்தைச் சொன்னார்: 18,000-க்கு மேல் இருக்கை, சுமார் 37 கோடி டாலர், பாதி மாநகராட்சி, பாதி மாகாணம். லீக் 2016-ல் புது அணியை லாஸ் வேகாஸுக்குக் கொடுத்தது. 2023 நவம்பரில், ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிய அதே மாதத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் அணி வந்து இரண்டு காட்சி ஆட்டம் ஆடுவதற்கு 50 முதல் 70 லட்சம் டாலர் வரை தருவதாக அரசு அறிவித்தது. தன் சக ஆசிரியைகள் பனியில் அட்டை பிடித்து நின்ற மாதம் அது என்றார். கடைக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. அந்த அம்மாள் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். வகுப்பறைக்குப் போகவேண்டிய பணத்தைக் கொடுத்து வாங்கும் இரண்டு காட்சி ஆட்டம் இந்த ஊரின் காயத்துக்கு மருந்தில்லை. ஆனால் அந்தக் காயத்தை மடமை என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது. தன் பெயரைத் தன் மொழியில் 15,000 பேர் சேர்ந்து கத்திய ஓர் இடத்தை ஒரு நாள் காலையில் ஓர் ஊர் இழந்தது.

வெளியே வந்ததும் அக்கா மகள் சொன்னாள்: "எங்களுக்கும் 1993-க்கு அப்புறம் கோப்பை கெடைக்கல சித்தி. அவங்க இருந்தப்போ எங்க ஆளுங்க பயந்து பயந்து நல்லா ஆடினாங்கன்னு அப்பா சொல்வார்." தொப்பியை அவள் கழற்றவில்லை.

அந்தப் புது அரங்கத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். 1960 முதல் பிப்ரவரி மாதங்களில் இந்த ஊரில் சிறுவர்களுக்கான உலகப் போட்டி நடக்கிறது. கீ லாஃப்ளோரும் வெய்ன் கிரெட்ஸ்கியும் சிறுவர்களாக இங்கே ஆடியவர்கள். 2023-ல் போரால் ஊர் சிதறிய உக்ரைன் சிறுவர்களின் அணியும் வந்து ஆடியது. உள்ளூர்க் குடும்பங்கள் வெளியூர்ப் பிள்ளைகளை வீட்டில் தங்கவைத்துச் சோறு போடுகின்றன. நாங்கள் போனபோது பன்னிரண்டு வயதுப் பையன்கள் அந்தப் பேரரங்கத்தின் நடுவில் எறும்பு மாதிரி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்குப் பின்வரிசையில் நீலச் சட்டையில் இரண்டு பேர். லிண்ட்ரோஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா மகள் மூலம் கேட்டேன். ஒருவர் உடனே சொன்னார்: அரங்கம் நிரம்பியிருக்கும், விளம்பரம் வந்திருக்கும், ஓபூ விற்றிருக்கமாட்டார். மற்றவர் அவர் கையைத் தட்டிவிட்டார். லிண்ட்ரோஸ் வந்திருந்தால் ஃபோர்ஸ்பெர்க் ஏது, ஃபோர்ஸ்பெர்க் இல்லாமல் முதலிடம் ஏது. டாலர் எப்படியும் விழுந்திருக்கும், தோற்கும் அணியாகவே போயிருக்கும். முதலாமவர் முன்னால் குனிந்து, நான் எந்தப் பக்கம் என்று கேட்டார். டாலர் பக்கம் என்றேன், விற்றுத்தான் இருப்பார்கள். அப்படியானால் வின்னிபெக் 1996-ல் இழந்த அணியை 2011-ல் எப்படித் திரும்பப் பெற்றது, அங்கே இருப்பது வேறு டாலரா என்று அவர் இருக்கையைத் தாண்டி எங்கள் வரிசைக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்.