வால்பாறை: கூட்டம் ஏறும் மலை, குடும்பங்கள் இறங்கும் ஊர்

ஆழியாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் பேருந்து வளையத் தொடங்குகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். 9-வது வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையில் நின்றால், ஆழியாறு அணை முழுவதும் காலடியில் தெரியும். சாலையோரப் பாறைகளில் வரையாடுகள் யாரையும் சட்டை செய்யாமல் மேயும். பொள்ளாச்சியில் இருந்து சுமார் 65 கி.மீ. கடந்தால் வால்பாறை. கடல்மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 3,500 அடி உயரம்.

பெயருக்குத்தான் நகராட்சி. ஒரு பேருந்து நிலையம், கடைவீதி, மார்க்கெட்... அவ்வளவுதான் டவுன். அதைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. முடீஸ், பன்னிமேடு, உருளிக்கல், கருமலை என்று எஸ்டேட்களின் பெயர்களே இங்கு முகவரி.

காடு தோட்டமான கதை

இந்த மலையின் பூர்வகுடிகள் காடர், முதுவர், மலசர் போன்ற பழங்குடி மக்கள். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயத் தோட்ட முதலாளிகள் காட்டை அழித்து காபி பயிரிட்டனர். பிறகு தேயிலை வந்தது. அந்த முன்னோடிகளில் ஒருவரான கார்வர் மார்ஷுக்கு மலைப்பாதையில் சிலை உண்டு.

ஆனால், காட்டைத் தோட்டமாக்கிய கைகள் வேறு. பஞ்சத்தில் தவித்த சமவெளிக் கிராமங்களில், முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தனர் மேஸ்திரிகள். குளிரும் மலேரியாவும் பலரைக் கொண்டுபோயின. கடன் தீராமல் ஊர் திரும்ப முடியாதவர்கள் ஏராளம். இங்கு மருத்துவராகப் பணியாற்றிய பி.எச்.டேனியல் அந்த வாழ்க்கையை 1969-ல் நாவலாக எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்தது அதுதான். 2013-ல் வெளியான 'பரதேசி' படத்துக்கும் அதுவே அடிப்படை.

மழைதான் முதலாளி

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அருகில் உள்ள சின்னக்கல்லார், தமிழகத்திலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. கொட்டும் மழையிலும் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, அட்டைக்கடிக்கு நடுவே இலை பறிக்கிறார்கள் பெண்கள். சோலையாறு, நீராறு அணைகளில் சேரும் தண்ணீர், பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் வழியே கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்குப் போகிறது.

தண்ணீரைப் போலவே மனிதர்களும் கீழே இறங்குகிறார்கள். 2001 கணக்கெடுப்பில் சுமார் 95 ஆயிரம் பேர் இருந்த ஊரில், 2011-ல் இருந்தது ஏறத்தாழ 71 ஆயிரம் பேர். பத்தே ஆண்டுகளில் நான்கில் ஒருவர் குறைந்துவிட்டார்.

காரணம் கேட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். தோட்டக் கூலி போதவில்லை. படித்த பிள்ளைகளுக்கு இங்கு வேலை இல்லை. திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் கோவைக்கும் போகிறார்கள். குடியிருக்கும் லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். மூன்று தலைமுறை அதே வீட்டில் வாழ்ந்திருந்தாலும், வேலையில் இருந்து ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இதோடு யானை, சிறுத்தை பயம் வேறு. காலியாகும் இடங்களில் இன்று அசாம், ஜார்கண்ட் தொழிலாளர்கள் இலை பறிக்கிறார்கள்.

இருப்பவர்களைக் காக்கவும் முயற்சிகள் நடக்கின்றன. யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று செல்போனில் தகவல் வருகிறது. முக்கிய இடங்களில் சிவப்பு விளக்கு எரிந்தால், பக்கத்தில் யானை இருக்கிறது என்று அர்த்தம்.

போகிறவர்களுக்கு...

மழைக்காலம் முடிந்து, அக்டோபருக்குப் பிறகு போவது வசதி. டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் அவசியம். புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகளைப் பார்க்கலாம். தின்பண்டம் எதுவும் கொடுக்க வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் செல்ஃபி எடுக்கும்போது, பின்னால் வரிசையாகத் தெரியும் லைன் வீடுகளையும் ஒரு நிமிடம் பாருங்கள். சில வீடுகளில் புகை வரும். பல வீடுகளில் பூட்டு தொங்கும்.