எல்லையோரப் போர்மா

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அத்தனை சீக்கிரம் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. ரொட்டி அடுப்புக்கு மட்டும் இருபுறமும் ஒரே பெயர்: போர்மா.

இங்கே கோதுமை கிடையாது. மைதா லாரியில்தான் வரவேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அமரவிளை வரிச் சாவடியில் லாரிகள் காத்துக் கிடப்பது முடிந்தது. அந்த வரியிலும் ஒரு வேடிக்கை: ரொட்டிக்கு வரியில்லை, அதையே நறுக்கி மறுபடி வாட்டி ரஸ்காக்கினால் 5 சதவீதம் என்றார்கள்.

ஆனால் திறந்த வழியில் பெரிய கம்பெனி வேன்களும் வருமே! போர்மாக்காரருக்கு மாவு கடன், விறகு கடன். விற்காத பாக்கெட் திரும்பி வந்தால் நஷ்டமும் அவருடையதே. பாறசாலை டீக்கடையில் விடிகாலை ரொட்டி கொண்டுவந்தவர், புதிய பாக்கெட்டுகளை அடுக்கிவிட்டு எண்ணியது பழையவற்றைத்தான்.