சாலை நடுவே ஒரு வெண்கோடு

நுழையும்முன்

விதி பலருக்காக இயற்றப்படுகிறது. அதன் சுமையை உணர்பவரோ தனிமனிதர். பலருக்கு நன்மை தரும் ஒரு விதி ஒருவருக்குத் தடையாகத் தோன்றலாம். அந்தத் தடையுணர்வும் பொய்யன்று. அந்த நன்மையும் பொய்யன்று. பிரான்சு நாட்டின் ஊர்ப்புறச் சாலைகளில் வேக வரம்பு குறைக்கப்பட்டபோது மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களிடையே எழுந்த சினத்தையும், அச்சினத்தின் நியாயத்தையும் எல்லையையும் இக்கட்டுரை எண்ணிப் பார்க்கிறது.

சாலையின் நடுவே வரையப்படும் கோட்டுக்கு உயரமில்லை, கனமுமில்லை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, சக்கரங்களில் தேய்ந்து மங்கிப்போகும் மெல்லிய பூச்சுதான் அது. ஆயினும் ஒரு மதில் செய்யும் வேலையை அது செய்கிறது. எதிரெதிரே விரையும் இரண்டு ஊர்திகள் ஒரு கை நீள இடைவெளியில் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன, இருவரும் அஞ்சுவதில்லை. அந்த அச்சமின்மையைத் தருவது வண்ணப்பூச்சு அன்று. எதிரே வருபவரும் கோட்டை மதிப்பார் என்னும் நம்பிக்கையே. முன்பின் அறியாத இருவர் ஒருவர் கையில் மற்றவர் உயிரை ஒப்படைத்துச் செல்லும் இடம் சாலையைப்போல் வேறொன்றில்லை.

கோடுகளின் மொழி

பிரான்சில் ஊர்திகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. நடுக்கோடுகள் வெண்ணிறத்தவை, அவற்றுக்கென ஒரு மொழி உண்டு. விட்டுவிட்டு வரையப்பட்ட கோடு, 'வழி தெளிவாயின் முந்திச் செல்லலாம்' என்கிறது. முறியாத நெடுங்கோடு, 'கடக்கலாகாது' என்கிறது. இரண்டும் அருகருகே இருந்தால், ஓட்டுநர் தம் பக்கத்திலுள்ள கோட்டின் சொல்லைக் கேட்கவேண்டும். நீண்ட கீற்றுகளுக்கிடையே குறுகிய இடைவெளி விட்டு வரையப்படும் கோடு ஒன்றும் உண்டு. டிராக்டர் போன்ற மெல்லச் செல்லும் ஊர்திகளை மட்டும் முந்திச் செல்ல அது இசைவு தருகிறது.

இம்மொழியை மீறுவோர்க்குத் தண்டனை சிறிதன்று. முறியாத கோட்டைக் கடந்தால் 135 யூரோ தண்டம் விதிக்கப்படும். ஓட்டுநர் உரிமத்திலுள்ள 12 புள்ளிகளில் மூன்று குறையும். புள்ளிகள் அனைத்தும் தீர்ந்தால் உரிமமே செல்லாததாகிவிடும். வேலைக்கும் சந்தைக்கும் ஊர்தியையே நம்பியிருக்கும் ஊர்ப்புறத்து மனிதர்க்கு அது பிழைப்பையே பாதிக்கும் இழப்பாகும்.

ஓட்டுநரின் மனக்குறை

2018ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று அந்நாட்டில் ஒரு புதிய விதி நடைமுறைக்கு வந்தது. ஊர் எல்லைகளுக்கு வெளியே, நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் மணிக்கு 90 கிலோமீட்டராக இருந்த வேக வரம்பு 80 ஆகக் குறைக்கப்பட்டது. எதுவார் ஃபிலிப் தலைமை அமைச்சராக இருந்தபோது எடுக்கப்பட்ட இம்முடிவு ஏறத்தாழ நான்கு இலட்சம் கிலோமீட்டர் நீளச் சாலைகளைத் தழுவியது. எதிர்த்தோர் பலர், அவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள்.

அவர்களது மனக்குறையை அவர்கள் இருக்கையிலிருந்தே பார்க்கவேண்டும். வைக்கோல் ஏற்றிய இழுவண்டியோடு ஒரு டிராக்டர் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் பின்னே புகையையும் துரும்பையும் முகத்தில் ஏற்றுக்கொண்டு ஓட்டுநர் செல்கிறார். அவரது வண்டி ஒடுக்கமானது. விரைவாக வேகம் பிடிக்கக்கூடியது. காரில் அமர்ந்திருப்பவரைவிட அவர் உயரத்தில் இருக்கிறார். ஆதலால் சற்றுத் தொலைவு கூடுதலாகப் பார்க்கிறார். சில நொடிகள் போதும், முந்திவிடலாம். ஆனால் நடுவே முறியாத கோடு கிடக்கிறது. நீளமான சரக்குந்துக்கும் ஒடுக்கமான இருசக்கர ஊர்திக்கும் ஒரே கோடு! 'அளவறியாத கோடு' என்று அவர் கசப்புறுவதில் வியப்பில்லை.

கோடு முடிந்து சாலை நேராகிறது. இப்போது வேகப் பலகை குறுக்கிடுகிறது. நேற்றுவரை குற்றமாக இல்லாத வேகம் இன்று குற்றமாகிவிட்டது. சாலை அதே சாலை, வண்டி அதே வண்டி, ஓட்டுநரும் அவரே. மாறியது பலகையிலுள்ள எண் மட்டுமே. சாலையின் மேல் இருக்கவேண்டிய கண் வேகமானியை நாடிக்கொண்டே இருக்கிறது என்பது அவர்களது மற்றொரு முறையீடு.

இதற்கும் ஆழத்தில் ஒரு வருத்தம் உண்டு. பிரான்சில் முழு ஆற்றலுள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட விரும்புபவர், முதலில் 35 கிலோவாட்டுக்கு மிகாத வண்டியை இரண்டு ஆண்டுகள் ஓட்டியிருக்கவேண்டும். பின்னர் மீண்டும் பயிற்சி பெறவேண்டும். வளைவில் உடலைச் சாய்க்கவும், ஈரச் சாலையின் வழுக்கலை உணரவும், பிறர் செய்யப்போகும் தவற்றை முன்னரே கணிக்கவும் அவர் பழகியிருக்கிறார். இவ்வளவு கற்றபின்னும், 'உன் கணிப்பை நம்பமாட்டோம். கோட்டையும் எண்ணையும் மட்டுமே நம்புவோம்' என்று சாலை சொல்வதாக அவருக்குத் தோன்றுகிறது. விரைவை இழந்த வருத்தத்தினும் நம்பிக்கையை இழந்த வருத்தம் பெரிது.

பதின்மூன்று மீட்டர்

இனி, எண் சொல்லும் செய்தியையும் கேட்கவேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். ஆபத்தைக் கண்ட மனிதர் பிரேக்கை அழுத்துவதற்கு ஏறத்தாழ ஒரு நொடி செல்கிறது. அந்த ஒரு நொடியில் ஊர்தி 25 மீட்டர் ஓடிவிடும். அதன்பின் உலர்ந்த சாலையில் நிற்பதற்கு ஏறத்தாழ 45 மீட்டர் வேண்டும்; ஆக 70 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலோ இத்தொலைவு ஏறத்தாழ 57 மீட்டர்தான். இடையிலுள்ள வேறுபாடு 13 மீட்டர்.

பதின்மூன்று மீட்டர் பெரிய தொலைவன்று. ஒரு பேருந்தின் நீளத்தைவிடச் சற்றே மிகுதி. ஆனால் 80இல் வந்த ஊர்தி முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தில், 90இல் வந்த ஊர்தி இன்னும் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் பெருமூச்சு விட்டு நிற்கும் இடத்தில் மற்றவர் மோதுகிறார். பலகையில் பத்தாகத் தெரியும் வேறுபாடு, சாலையில் உயிருக்கும் இறப்புக்குமான வேறுபாடாகிவிடுகிறது.

கோட்டின் கதையும் இத்தகையதே. டிராக்டருக்கு அப்பால் எதிரே யாரும் இல்லை என்பதை ஓட்டுநர் காண்கிறார். ஆனால் டிராக்டரை ஓட்டுபவர் அடுத்த நொடியில் இடப்புற வயலுக்குத் திரும்பப்போவதை அவர் காண்பதில்லை. பக்கச் சாலையிலிருந்து வெளிவரும் காரோட்டிக்கு, முன்னிருந்து பார்க்கையில் மோட்டார் சைக்கிள் ஒரு சிறு புள்ளி. அது எவ்வளவு விரைவில் அருகே வந்துவிடும் என்பதைக் கணிப்பது அவருக்கு அரிது. இடப்புறம் திரும்பும் வளைவில் ஓட்டுநர் உடலைச் சாய்க்கும்போது, சக்கரம் கோட்டுக்கு உள்ளேயே இருக்கும். தலையும் தோளுமோ கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் இருக்கும். கோட்டை மதித்ததாக அவர் எண்ணுகிறார். எதிரே வரும் சரக்குந்துக்கு அந்த நுட்பம் தெரியாது.

திறமை ஓட்டுநரிடம் உண்டு. காப்பு அவரிடம் இல்லை. காரோட்டியைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. இவரைச் சுற்றிக் காற்று மட்டுமே இருக்கிறது. பிரான்சின் சாலைப் போக்குவரத்தில் மோட்டார் சைக்கிள்களின் பங்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு. சாலையில் உயிரிழப்போரிலோ அவற்றை ஓட்டுபவர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். விதியால் மிகுதியாகத் துன்புறுவதாகக் கூறுபவரே விதி மீறப்படும்போதும் மிகுதியாக மடிகிறார் என்பதே இச்சிக்கலின் முடிச்சு.

ஊரே சாய்ந்த நாள்

இந்த எண்களை உடலால் உணர்த்திய ஊர் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டில் பிரான்சுச் சாலைகளில் மாண்டோர் 16,000க்கும் மேற்பட்டோர். தென்பகுதியில் தார்ன் மாவட்டத்திலுள்ள மசாமே என்னும் சிற்றூரின் மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. 1973ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், அவ்வூர் மக்கள் வீட்டையும் கடையையும் பள்ளியையும் விட்டு வெளியே வந்து, தெருக்களில் இறந்தவர்போல் படுத்தனர். தொலைக்காட்சிக் கருவிகள் அக்காட்சியைப் பதிவு செய்தன. ஓராண்டில் ஒரு நாடு இழப்பது ஓர் ஊரை என்பதை நாடே கண்டது.

அதே ஆண்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்க்குத் தலைக்கவசமும் காரின் முன்னிருக்கையில் அமர்வோர்க்கு இருக்கைப் பட்டையும் ஊர்களுக்கு வெளியே கட்டாயமாக்கப்பட்டன. சாலைகளுக்கு 90 கிலோமீட்டர் என்னும் பொது வரம்பும் அக்காலத்தில்தான் உறுதிப்பட்டது. அன்று அந்த வரம்பும் கடிந்துரைக்கப்பட்டது. 2018இல் எந்த எண்ணைக் காக்கப் பலர் போராடினரோ, அந்த எண்ணே ஒரு காலத்தில் பலர்க்குச் சுமையாகத் தோன்றியது. பின்வந்த பல்லாண்டுகளில் ஊர்திகள் பெருகின. ஆயினும் 2018இல் சாலை இறப்புகள் 3,248ஆகக் குறைந்திருந்தன. இது வேக வரம்பு மட்டுமே தந்த பயன் அன்று. பட்டையும் கவசமும் நல்ல சாலையும் விரைந்த மருத்துவமும் சேர்ந்து தந்த பயனாகும்.

சினமும் சீர்திருத்தமும்

சினம் கொண்டோர் அனைவரும் அறியாதவர் அல்லர். பிரான்சில் 1980ஆம் ஆண்டு தோன்றிய மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் கூட்டமைப்பு, தன் பெயரிலேயே 'சினமுற்றோர்' என்னும் சொல்லைத் தாங்கியது. ஆனால் அது முழக்கமிடுவதோடு நிற்கவில்லை. சாலையோர இரும்புத் தடுப்புகள் காரைத் தாங்குபவை. சறுக்கி விழும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரையோ, தடுப்பின் அடியிலுள்ள தூண்கள் கொன்றுவிடுகின்றன. தடுப்பின் கீழ்ப்பகுதியை மூடும் இரண்டாவது தகடு வேண்டும் என்று அக்கூட்டமைப்பு நெடுங்காலம் போராடியது. மழையில் வழுக்கும் சாலைப் பூச்சுகளையும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் சுட்டிக்காட்டி வந்தனர். காரை மட்டும் மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட சாலையின் குறைகளை, விழுந்து எழுந்தவர்களே முதலில் அறிந்தனர்.

80 கிலோமீட்டர் வரம்பு வந்தபோது இக்குரல் மீண்டும் எழுந்தது. தலைநகரில் எடுக்கப்பட்ட முடிவு தம் ஊர்ச் சாலையை அறியாதது என்று ஊர்ப்புற மக்கள் வருந்தினர். அவ்வாண்டு நவம்பரில் எரிபொருள் வரியை எதிர்த்து எழுந்த மஞ்சள் மேற்சட்டை இயக்கத்தில் இவ்வருத்தமும் கலந்தது. நாட்டிலிருந்த வேகக் கண்காணிப்புக் கருவிகளுள் பாதிக்கும் மேற்பட்டவை சிதைக்கப்பட்டன, அல்லது மறைக்கப்பட்டன. கருவியை உடைப்பதால் நிற்கும் தொலைவு ஓர் அடிகூடக் குறைவதில்லை. ஆயினும் தாம் கேட்கப்படவில்லை என்னும் மனக்குமுறல் அவ்வாறு வெடித்தது.

2019ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் ஒரு நடுவழியைக் கண்டது. விபத்துகளை ஆராய்ந்து, சாலைப் பாதுகாப்புக் குழுவின் கருத்தைப் பெற்றபின், மாவட்ட மன்றத் தலைவர்கள் தெரிந்தெடுத்த சாலைகளில் வரம்பை மீண்டும் 90 ஆக உயர்த்தலாம் என அது இசைவளித்தது. சில மாவட்டங்கள் உயர்த்தின, சில உயர்த்தவில்லை. 2020ஆம் ஆண்டு ஜூலையில் செரெமா என்னும் அரசு ஆய்வு நிறுவனம் தன் மதிப்பீட்டை வெளியிட்டது. முந்தைய ஐந்தாண்டுச் சராசரியோடு ஒப்பிட, 20 மாதங்களில் 349 உயிர்கள் காக்கப்பட்டன என்றும், பயண நேரம் சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஒரு நொடியே கூடியது என்றும் அது கூறியது. நாற்பது கிலோமீட்டர் செல்பவர் இழந்தது நாற்பது நொடி.

பெயரற்றவர்கள்

நாற்பது நொடிக்கு உரியவர் யார் என்பது அனைவர்க்கும் தெரியும். தாமதத்தால் சலிப்புற்ற ஓட்டுநர்க்கு முகமும் பெயரும் உண்டு. அந்த 349 பேர் யாவர் என்பது யாருக்கும் தெரியாது. விபத்தில் மாண்டவர்க்குக் கல்லறை உண்டு. விபத்து நிகழாமல் தப்பியவர்க்குத் தாம் தப்பியதே தெரியாது. அவர் மாலையில் வீடு திரும்பி, வேக வரம்பைப் பழித்துக்கொண்டே உணவருந்தியிருக்கலாம். அவ்வாறு பழிக்கும் குரலொன்று அவ்வீட்டில் இன்னும் ஒலிப்பதே அந்த விதியின் வெற்றியாகவும் இருக்கலாம்.

துன்பம் கண்முன் நிற்கிறது; நன்மை கணக்கில் மறைந்திருக்கிறது. ஆதலால் விதி இயற்றுவோர்க்கு இரட்டைக் கடமை உண்டு. கணக்கைக் காட்டி மெய்ப்பிக்கவேண்டும். சாலையில் செல்பவரின் சொல்லையும் கேட்கவேண்டும். பார்வை தெளிவாக இருக்கும் இடத்திலும் பழக்கத்தால் வரையப்பட்ட கோடு, மெய்யான ஆபத்துக்கு வரையப்பட்ட கோட்டின் மதிப்பையும் குறைத்துவிடும். ஓட்டுநர்க்கும் ஒரு கடமை உண்டு. தாம் அறிந்ததை வைத்துக் கோட்டை எடைபோடாமல், தமக்குத் தெரியாததை எண்ணி அதனை மதிக்கவேண்டும். மாறவேண்டிய விதியை மன்றத்தில் மாற்றலாம். வளைவில் மாற்ற முனைவோர்க்கு மறுவாய்ப்புக் கிடைப்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

ஊர்தியின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் 80இலிருந்து 90ஆக உயரும்போது வேகம் எட்டில் ஒரு பங்கே கூடுகிறது. மோதலின் ஆற்றலோ கால் பங்குக்கும் மேலாகக் கூடுகிறது.

கற்பவை கற்றபின்...

1. 'விதி தனிமனிதரின் திறமையை மதிக்கவேண்டுமா? அனைவர்க்கும் பொதுவாக இருக்கவேண்டுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

2. உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள சாலையின் கோடுகளையும் வேகப் பலகைகளையும் பார்வையிட்டு, அவற்றுள் மாற்றம் வேண்டுவன இருப்பின், உரிய அலுவலர்க்கு விண்ணப்பம் எழுதுக.